முன்கூட்டி முடிவு செய்யாத இசை: ஃப்ரீ ஜாஸுக்கு ஓர் எளிய அறிமுகம்

ஃப்ரீ ஜாஸ் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள்தான் அடிக்கடி காதில் விழுகின்றன. "மனம் போன போக்கில் ஊதுவது, யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்பது ஒன்று. "அது மேதைகளுக்கான இசை, நமக்கெல்லாம் புரியாது" என்பது மற்றொன்று. முதலாவது வாசிப்பவரைச் சிறுமைப்படுத்துகிறது. இரண்டாவது கேட்பவரைச் சிறுமைப்படுத்துகிறது. இரண்டுமே தவறு.

குழப்பத்தில் பெரும்பங்கு 'ஃப்ரீ' என்ற சொல்லுக்கு உண்டு. சுதந்திரம் என்றவுடன் கட்டுப்பாடே கிடையாது என்று எடுத்துக்கொள்கிறோம். எதிலிருந்து விடுதலை என்று கேட்க மறந்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. படிக்க இசைப் பயிற்சி தேவையில்லை. கச்சேரி கேட்ட பழக்கம் இருந்தால் கொஞ்சம் உதவும், இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

மேடைப் பேச்சும் திண்ணைப் பேச்சும்

ஒருவர் எழுதி வைத்த உரையை மேடையில் வரி பிசகாமல் படிக்கிறார். இன்னொருவர் கையில் ஒரு சிறு குறிப்பு மட்டும் வைத்திருக்கிறார். எந்த வரிசையில் எதைச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும், வாக்கியங்கள் அங்கேயே பிறக்கின்றன. மூன்றாவது, மாலையில் திண்ணையில் நான்கு பேர் கூடிப் பேசும் பேச்சு. அதற்குத் தலைப்பும் கிடையாது, தலைவரும் கிடையாது.

ஆனால் அந்தத் திண்ணைப் பேச்சு தாறுமாறாகவா போகிறது? ஒருவர் மழையைப் பற்றித் தொடங்குவார். இன்னொருவர் அதிலிருந்து கிணற்றுக்குப் போவார். மூன்றாமவர் கிணறு வெட்டிய பழைய கதையை எடுப்பார். நடுவில் எல்லோரும் சற்று நேரம் சும்மா இருப்பார்கள், அதுவும் பேச்சின் ஒரு பகுதிதான். அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்காமல் தன் பாட்டுக்குப் பேசுகிறவர் யார் என்பது இரண்டு நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எழுதி வைத்த உரை மேற்கத்திய சிம்பொனியைப் போன்றது. குறிப்பு வைத்துக்கொண்டு பேசுவது வழக்கமான ஜாஸ். திண்ணைப் பேச்சு ஃப்ரீ ஜாஸ். பின்னிரண்டிலும் நடப்பதற்குப் பெயர் இம்ப்ரொவைசேஷன், அதாவது வாசிக்கிற கணத்திலேயே இசையை உருவாக்குவது. கர்நாடக இசையில் நாம் மனோதர்மம் என்கிறோமே, அதற்கு மிக நெருங்கிய உறவு.

வழக்கமான ஜாஸ் எப்படி ஓடுகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த படி ஏற முடியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஜாஸ் குழு முதலில் ஒரு பாட்டின் மெட்டை வாசிக்கும். மெட்டுக்கு அடியில் கார்ட்கள் ஒரு வரிசையில் மாறிக்கொண்டே போகும். கார்ட் என்பது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்களின் கூட்டு. பழைய பாட்டுகள் பெரும்பாலும் 32 பார் நீளம். ஒரு பார் என்பது தாளத்தின் ஒரு சிறு கூறு, பெரும்பாலும் நான்கு தட்டு. மெட்டு முடிந்ததும் அந்தக் கார்ட் வரிசை மட்டும் சுழன்றுகொண்டே இருக்கும். சாக்ஸபோன், டிரம்பெட், பியானோ என்று ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது அந்தச் சுழற்சியின் மேல் புதிய மெட்டுகளைப் பின்னுவார்கள். கடைசியில் பழைய மெட்டு திரும்ப வரும்.

கல்பனாசுரம், அதாவது பாடகர் மேடையிலேயே சுரங்களைப் புனைந்து பாடுவதைக் கேட்டவர்களுக்கு இது உடனே புலப்படும். பாடகர் எவ்வளவு தூரம் போனாலும் தாளத்தின் ஆவர்த்தனம், அதாவது சுழற்சி, உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழ வேண்டும். ஜாஸில் அந்த ஆவர்த்தனத்தோடு கார்ட் வரிசையும் சேர்ந்துகொள்கிறது.

ஆக, வழக்கமான ஜாஸில் மேடை ஏறும் முன்பே நான்கு விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன: கார்ட் வரிசை, சீரான தாளம், மெட்டு–தனி–மெட்டு என்ற வடிவம், யார் முன்னால் நிற்பது யார் தாங்கிப் பிடிப்பது என்ற வேலைப் பங்கீடு. இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீ ஜாஸ் கைவைப்பது இவற்றில்தான்.

ஒரே மாதத்தில் இரண்டு பதிவுகள்

1959 மே மாதத் தொடக்கத்தில் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் நியூயார்க்கில் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். 16 பார்களுக்குள் 26 முறை கார்ட் மாறுகிறது, அதுவும் மூச்சு முட்டும் வேகத்தில். கார்ட் வரிசை என்ற சட்டகத்தை இதற்கு மேல் இறுக்க முடியாது என்று தோன்றும். அதே மாதம் 22-ஆம் தேதி, நாட்டின் மறுகோடியான லாஸ் ஏஞ்சலஸில், இன்னொரு சாக்ஸபோன் கலைஞரான ஆர்னெட் கோல்மன் தன் குழுவோடு ஒரு பதிவுக்கூடத்துக்குப் போனார். அங்கே பியானோவே கிடையாது. கார்ட்களை அடுக்கித் தருகிற கருவியையே அவர் வெளியே விட்டுவிட்டார். இரண்டையும் வெளியிட்டது ஒரே நிறுவனம், அட்லான்டிக். இந்தத் தற்செயலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒருவர் கதவுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறார், மற்றவர் சுவரையே எடுத்துவிடுகிறார்.

கோல்மன் 1930-இல் டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்தவர். நடனக் கூடங்களில் ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற நடன இசையை வாசித்துத்தான் வளர்ந்தார். இளம் வயதில் லூசியானாவில் ஒரு நடன நிகழ்ச்சிக்குப் பிறகு சிலர் அவரை அடித்து, சாக்ஸபோனையும் உடைத்துவிட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்த பிறகு ஒரு கடையில் லிஃப்ட் இயக்கும் வேலை. லிஃப்டில் ஆள் இல்லாத நேரத்தில் இசைக் கோட்பாட்டுப் புத்தகங்களைப் படித்தார். உலோக சாக்ஸபோன் வாங்கப் பணமில்லாமல் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் சாக்ஸபோன் ஒன்றை வாங்கினார். பிற்பாடு அதன் ஒலியே அவருக்குப் பிடித்துப்போனது. பயிற்சி இல்லாதவர் செய்த வேலை என்று சொல்கிறவர்கள் அந்த லிஃப்டை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மே 22-இல் பதிவானது 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' என்ற தொகுப்பு. அதன் முதல் பாட்டு 'லோன்லி வுமன்', சுமார் ஐந்து நிமிடம். அதைக் கொஞ்சம் கிட்டே போய்க் கேட்போம்.

முதலில் சார்லி ஹேடனின் டபுள் பேஸ், ஆள் உயர வயலின்போல் இருக்கும் தாழ்ந்த குரல் கருவி. இரண்டு தந்திகளைச் சேர்த்து மீட்டுகிறார், கனமாக, ஏதோ துக்க வீட்டுக்கு நடப்பதுபோல. கூடவே பில்லி ஹிக்கின்ஸ் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பலில் வேகமான தட்டு ஒன்றைத் தொடங்குகிறார். பேஸ் நடக்கிறது, டிரம்ஸ் ஓடுகிறது. பிறகு கோல்மனின் சாக்ஸபோனும் டான் செர்ரியின் கார்னெட்டும் (டிரம்பெட்டின் சிறு உறவு) ஒன்றாக மெட்டை எடுக்கின்றன. அந்த மெட்டு பேஸின் நடையிலும் இல்லை, டிரம்ஸின் ஓட்டத்திலும் இல்லை. இரண்டுக்கும் மேலே, தன் மூச்சின் நீளத்துக்கு ஏற்ப நீண்டும் குறுகியும் போகிறது. இரண்டு கருவிகளும் ஒரே மெட்டை வாசித்தாலும் ஒட்டிவைத்ததுபோல் பொருந்துவதில்லை. ஒப்பாரியில் இரண்டு பெண்களின் குரல் சேர்ந்தும் சேராமலும் வருமே, அப்படி இருக்கிறது. மூன்று விதமான காலம் ஒரே நேரத்தில் ஓடுகிறது, ஆனாலும் எதுவும் உடைவதில்லை.

1959 நவம்பரில் இந்த நால்வர் குழு நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் வாசிக்க வந்தது. இரண்டு வாரம் என்று தொடங்கிய நிகழ்ச்சி இரண்டு மாதத்துக்கும் மேல் நீண்டது. இசை நடத்துனர் லெனர்ட் பெர்ன்ஸ்டீன் கேட்டுக் கொண்டாடினார். டிரம்பெட் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜ், இந்த ஆள் ஏமாற்றுகிறார் என்றே நினைத்தார். நகரமே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. அதே கோல்மனுக்கு 2007-இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

தாளம் போனால் இசை போய்விடுமா

சீரான தாளம் இல்லாவிட்டால் என்ன மிஞ்சும் என்ற பயம் நம் ஊர்க் கேட்பாளர்களுக்கு வரவே கூடாது. ராக ஆலாபனைக்குத் தாளம் கிடையாது. அரை மணி நேரம் தோடியை விரிக்கும்போது யாரும் தொடையில் தட்டுவதில்லை, ஆனாலும் எங்கே ஏற்றம், எங்கே நிறுத்தம், எங்கே முடிவு நெருங்குகிறது என்று சபை முழுவதற்கும் தெரிகிறது. பக்கத்தில் வயலின் வித்வான் பாடகரை ஒரு கணம் பின்தங்கித் தொடர்ந்துகொண்டே இருப்பார். பாடகர் அடுத்து என்ன செய்வார் என்று அவருக்கு முன்கூட்டித் தெரியாது. காதால் பிடித்துக்கொள்கிறார்.

இப்போது ஒரு கற்பனை. பாடகர், வயலின், மிருதங்கம் மூவரும் ஒரே நேரத்தில் ஆலாபனை போன்ற ஒன்றைச் செய்கிறார்கள். எந்த ராகம் என்று பேசிவைக்கவில்லை. யார் பிரதானம், யார் பக்கவாத்தியம் என்பதும் இல்லை. ஒவ்வொருவரும் மற்ற இருவரையும் தொடர்கிறார்கள், மற்ற இருவராலும் தொடரப்படுகிறார்கள். ராகம் என்பது மிக உறுதியான இலக்கணம், அதை எடுத்துவிட்டால் ஆலாபனை ஆலாபனையாக இருக்காது என்பது உண்மை. ஆகவே இந்த ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. ஆனால் காதால் பிடித்துக்கொண்டு போகும் அந்தத் தொடர்தல் இருக்கிறதே, ஃப்ரீ ஜாஸின் இயந்திரம் முழுவதும் அதுதான்.

கார்ட் வரிசை வழிகாட்டாதபோது வாசிப்பவர்கள் வேறு சிலவற்றைக் கவனிக்கிறார்கள். ஒலி அடர்த்தியாக இருக்கிறதா, இடைவெளி விட்டு இருக்கிறதா? உச்ச ஸ்தாயியில் எல்லோரும் குவிந்துவிட்டார்களா, கீழே இடம் காலியாக இருக்கிறதா? இப்போது இவர் வாசித்த மூன்று சுரத் துணுக்கைப் பிடித்துக்கொள்வதா, எதிர்ப்பதா, கண்டுகொள்ளாமல் விடுவதா? எல்லாவற்றுக்கும் மேலாக, இப்போது நான் வாசிக்கத்தான் வேண்டுமா? இப்படி நொடிக்கு நொடி முடிவுகள். வழக்கமான ஜாஸில் மேடைக்கு வரும் முன்பே எடுத்துவிட்ட முடிவுகள், இங்கே வாசிக்கும்போது எடுக்கப்படுகின்றன. விடுதலை என்பது இந்த முன்முடிவுகளிலிருந்துதான். முடிவெடுக்கும் பொறுப்பு முன்னைவிடக் கூடத்தான் செய்கிறது.

லண்டனில் ஸ்பான்டேனியஸ் மியூசிக் ஆன்சாம்பிள் என்ற குழுவை நடத்திய டிரம்ஸ் கலைஞர் ஜான் ஸ்டீவன்ஸ் இதற்காகவே பயிற்சிகள் வகுத்தார். ஒன்றில் ஒவ்வொருவரும் தம் கருவியில் இயன்ற மிகக் குறுகிய ஒலியை மட்டும் எழுப்ப வேண்டும், டக் என்று ஒன்று, அவ்வளவுதான். முதலில் ஓட்டு வீட்டின் மேல் விழும் தூறல்போல் சிதறிக் கேட்கும். சற்று நேரத்தில் அந்தச் சொட்டுகளுக்கு இடையே ஓர் ஒழுங்கு தானாக உருவாவதை வாசிப்பவர்களே உணர்வார்கள். அந்தக் குழுவின் அறம் இரண்டே வரியில் அடங்கும்: பக்கத்தில் இருப்பவர் வாசிப்பது உன் காதில் விழவில்லை என்றால் நீ சத்தமாக வாசிக்கிறாய். அவர்கள் வாசிப்பதோடு உன் வாசிப்புக்குத் தொடர்பில்லை என்றால் குழுவில் நீ எதற்கு?

இதுவரை வந்த தூரம்: நான்கு முன்முடிவுகளில் ஒன்றையோ எல்லாவற்றையுமோ தளர்த்துவது ஃப்ரீ ஜாஸ். அவற்றின் இடத்தில் வந்து அமர்வது கூர்ந்து கேட்டல்.

எல்லாமே அந்தக் கணத்தில் பிறந்ததுதானா

இல்லை. இந்த இடத்தில்தான் ரசிகர்களே சற்று மிகையாகப் பேசிவிடுகிறார்கள்.

1960 டிசம்பர் 21-இல் கோல்மன் எட்டுப் பேரை இரண்டு நால்வர் குழுவாகப் பிரித்து ஒரு பதிவு செய்தார். ஸ்டீரியோவில் ஒரு குழு இடது காதில், மற்றது வலது காதில். தொகுப்பின் பெயரே 'ஃப்ரீ ஜாஸ்'. இந்த இசை வகைக்குப் பெயர் நிலைத்ததும் அதிலிருந்துதான். சுமார் 37 நிமிடம் ஓடும் அந்த ஒரே பாட்டிலும் தனி வாசிப்புகளுக்கு இடையே எழுதிவைத்த சிறு பகுதிகள் வருகின்றன. தெருமுனை வந்துவிட்டது என்று காட்டும் கைகாட்டிகள் அவை. ஹிக்கின்ஸும் எட் பிளாக்வெல்லும் டிரம்ஸில் தெளிவான ஓட்டத்தை விடுவதே இல்லை. கோல்ட்ரேனும் 1965 ஜூனில் பதினொரு பேரை வைத்து 'அசென்ஷன்' பதிவு செய்தபோது, கூட்டாக முழங்குவது, ஒருவர் தனியே வருவது, மீண்டும் கூட்டு என்று ஒரு வரிசையை வைத்திருந்தார். கார்ட்களின் உச்சத்தைத் தொட்ட அதே மனிதர் ஆறே ஆண்டுகளில் இங்கே வந்து நிற்கிறார். முறையான வித்தை தெரியாததால் இந்தப் பக்கம் வந்தார்கள் என்ற பேச்சுக்கு வேறு பதில் தேவையில்லை.

பியானோ கலைஞர் செசில் டெய்லரையும் சொல்ல வேண்டும். பாஸ்டனில் இசைக் கல்லூரியில் படித்தவர். விரல்களால் மட்டும் அல்லாமல் உள்ளங்கையாலும் முழங்கையாலும் கட்டைகளை அடித்து வாசிப்பார். கேட்பதற்குக் கொந்தளிப்பாக இருக்கும். ஆனால் கவனித்தால், ஒரு சிறு துணுக்கு வரும், அதே துணுக்கு ஒரு ஸ்தாயி கீழே வரும், திருப்பிப் போட்டு வரும், இரண்டு மடங்கு வேகத்தில் வரும். வீட்டில் மணிக்கணக்கில் தயாரித்த பொருள்கள் அவை. எந்தக் கணத்தில் எதை எடுப்பது என்பது மட்டும்தான் மேடையில் முடிவாகும்.

அந்தக் கத்தல் எதற்கு

புதிதாகக் கேட்பவர்களை விரட்டுவது பெரும்பாலும் ஒலியின் கரடுதான். சாக்ஸபோன் கீச்சிடுகிறது, உறுமுகிறது, ஒரே மூச்சில் இரண்டு மூன்று சுரம் சேர்ந்து வருகிறது. இந்தக் கடைசி உத்திக்கு மல்ட்டிஃபோனிக்ஸ் என்று பெயர். வழக்கமான வாசிப்பில் பிழை என்று ஒதுக்கிய ஒலிகளை இவர்கள் தேடிப் போய்ப் பயின்றார்கள்.

சாக்ஸபோன் கலைஞர் ஆல்பர்ட் அய்லர் 1964 ஜூலையில் பதிவு செய்த 'ஸ்பிரிச்சுவல் யூனிட்டி' தொகுப்பில் 'கோஸ்ட்ஸ்' என்ற பாட்டு இரண்டு வடிவில் வருகிறது. மெட்டு குழந்தைப் பாட்டுப்போல அவ்வளவு எளிமை. இரண்டாம் முறை கேட்கும்போது நாமே கூடப் பாடிவிடலாம். அந்த மெட்டை அவர் மெல்ல மெல்ல வார்த்தை நின்று அழுகை மட்டும் மிஞ்சும் நிலைக்குக் கொண்டுபோகிறார். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் பிரார்த்தனை முற்றும்போது பாட்டு கூவலாகிவிடும். அய்லர் அந்த மரபின் பிள்ளை. கோபம் மட்டுமே அதில் கேட்கிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். அது வழிபாடும்கூட. 1967-இல் கோல்ட்ரேனின் இறுதிச் சடங்கில் வாசித்தவர்களில் அவரும் ஒருவர். அய்லர் இறந்தபோது அவருக்கு வயது 34 மட்டுமே.

இங்கிலாந்தின் எவான் பார்க்கர் சோப்ரானோ சாக்ஸபோனில் தனியே வாசிப்பதைக் கேட்டால் மூன்று பேர் வாசிப்பதாகத் தோன்றும். ஒலி அறுபடுவதே இல்லை. கன்னத்தில் காற்றைத் தேக்கி அதை வெளியே தள்ளும் அதே நேரம் மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்கிறார். இதற்குச் சுழல் மூச்சு என்று பெயர் சொல்லலாம். நமக்கு இது புதிதல்ல. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் காலங்காலமாகச் செய்துவருவது இதுதான். பார்க்கர் அந்த மூச்சின் மேல் விரல்களை விதவிதமான அடுக்குகளில் ஓடவிட்டு, ஒரு கருவிக்குள் பல குரல்களைப் பிளந்து காட்டுகிறார்.

சிகாகோவும் ஐரோப்பாவும்

விடுதிக்காரர்கள் இடம் தரவில்லையென்றால் நாமே இடம் அமைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தவர்கள் சிகாகோவின் கறுப்பினக் கலைஞர்கள். 1965-இல் பியானோ கலைஞர் முஹால் ரிச்சர்ட் ஆப்ரம்ஸ் முதலானோர் ஏ.ஏ.சி.எம். (அசோசியேஷன் ஃபார் தி அட்வான்ஸ்மென்ட் ஆஃப் கிரியேட்டிவ் மியூசிஷியன்ஸ்) என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். நிகழ்ச்சிகளில் உறுப்பினர்கள் சொந்தப் படைப்புகளையே வாசிக்க வேண்டும் என்பது விதி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பும் நடத்தினார்கள். அங்கிருந்து வந்த ராஸ்கோ மிட்செல், ஆண்டனி பிராக்ஸ்டன், ஆர்ட் ஆன்சாம்பிள் ஆஃப் சிகாகோ குழுவினர் எல்லோரும் சத்தத்துக்கு நிகராக மௌனத்தையும் கையாண்டார்கள். மணி, விசில், சைக்கிள் ஹாரன் போன்ற சிறு பொருள்களும் அவர்கள் மேடையில் கருவிகளாக இருந்தன.

இந்தச் சங்கத்தோடு ஒரு தமிழ்த் தொடர்பும் உண்டு. அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், ராஸ்கோ மிட்செலோடும், இதே சங்கத்தைச் சேர்ந்த டிரம்பெட் கலைஞர் வடாடா லியோ ஸ்மித்தோடும் ஆண்டுக்கணக்கில் வாசித்தவர். ஸ்மித்தும் அவரும் இருவர் மட்டுமாக வாசித்த தொகுப்பு 2016-இல் வந்தது. இரண்டு தலைமுறைகள் ஒன்றையொன்று எவ்வளவு பொறுமையாகக் கேட்கின்றன என்பதற்காகவே அதை நான் திரும்பத் திரும்பப் போடுகிறேன்.

ஐரோப்பாவில் கதை வேறு திசையில் போனது. ஜெர்மனியின் சாக்ஸபோன் கலைஞர் பீட்டர் பிராட்ஸ்மன் 1968 மே மாதம் பிரெமன் நகரில் எட்டுப் பேர் குழுவாக 'மெஷின் கன்' பதிவு செய்தார். பெயருக்கேற்ற இசை, அதிலிருந்து யாரும் தொடங்க வேண்டாம். இங்கிலாந்தின் டெரக் பெய்லி நடனக் கூடங்களிலும் இரவு விடுதிகளிலும் கிட்டார் வாசித்துப் பிழைத்தவர். பின்னாளில் ஜாஸ் சாயல்கூட இல்லாத இசையைத் தேடினார். எந்த மரபின் மொழியையும் சாராமல், எதுவும் எழுதாமல், அந்தக் கணத்திலேயே உருவாகும் இசைக்கு ஃப்ரீ இம்ப்ரொவைசேஷன் என்ற பெயர் வழங்குகிறது. ஃப்ரீ ஜாஸ் அதன் அண்ணன். இரண்டையும் சேர்த்து அவாங்-கார்ட் என்பார்கள். படைக்கு முன்னால் செல்லும் பிரிவு என்பது அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பொருள். பழந்தமிழில் இதற்கே 'தூசிப்படை' என்றொரு அழகான சொல் இருந்தது.

ஆண்களின் பெயராகவே அடுக்கிவிட்டேன். சுவிட்சர்லாந்தின் பியானோ கலைஞர் இரேன் ஷ்வைட்சர், பிரான்சின் டபுள் பேஸ் கலைஞர் ஜோயல் லெயாந்த்ர், இன்று அமெரிக்காவில் கிட்டார் வாசிக்கும் மேரி ஹால்வர்சன், செலோ வாசிக்கும் டொமீகா ரீட் ஆகியோர் இல்லாமல் இந்த வரலாறு முழுமையாகாது.

எங்கிருந்து கேட்கத் தொடங்குவது

'லோன்லி வுமன்' முதலில். ஒரு முறை பேஸை மட்டும், அடுத்த முறை சிம்பலை மட்டும், மூன்றாம் முறை மெட்டை மட்டும் தொடருங்கள். பிறகு 'கோஸ்ட்ஸ்'. அதன் பிறகு கோல்ட்ரேனும் டிரம்ஸ் கலைஞர் ரஷீத் அலியும் 1967 பிப்ரவரியில் பதிவு செய்த 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்'. இரண்டே பேர் என்பதால் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்று பின்தொடர்வது எளிது. மெட்டு எங்கே என்று தேடாதீர்கள். இப்போது யார் யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தேடுங்கள். வேறு வேலை செய்துகொண்டே கேட்டால் இது வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும், பக்கத்து அறையில் நான்கு பேர் பேசுவது இரைச்சலாக இருப்பதுபோல.

எப்போது முடிந்தது என்று எப்படித் தெரியும்

புதியவர்கள் கேட்கும் கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இது. எழுதி வைக்காத இசையில் கடைசிச் சுரம் எது?

ஒருவர் குறைத்துக்கொள்கிறார். மற்றவர் அதைக் கேட்டுத் தானும் இடைவெளிகளை நீட்டுகிறார். பேஸ் ஒரு நீண்ட ஒலியை வில்லால் இழுத்து, அது தேய்ந்து, மரத்தில் வில் உரசும் ஓசை மட்டும் மிஞ்சுகிறது. டிரம்ஸ் கலைஞர் குச்சியை உயர்த்துகிறார், சிம்பலில் படவேண்டிய இடத்தில் நிறுத்துகிறார். சாக்ஸபோன் கலைஞரின் உதடு இன்னும் கருவியில்தான் இருக்கிறது. யாராவது ஒருவர் நினைத்தால் இன்னொரு பத்து நிமிடம் போகலாம். மூவரும் அந்த மௌனத்தைக் கேட்கிறார்கள், அரங்கமும் கேட்கிறது. பின்வரிசையில் யாரோ கைதட்டப் போய்க் கையை நிறுத்திக்கொள்கிறார். பிறகு, அந்தக் குச்சி மெல்லக் கீழே இறங்குகிறது.